தெளிப்பு மாடத்தின் வாசல்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் வசனிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கண்ணாடிக் கூரைக்கு மேலே, செவ்வாயின் சூரியன் சுண்டைக்காய் அளவில் வெளுத்துக் கிடந்தது. வசனி என்பது ஆளுயர இயந்திரம். விசுவாசத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் வேதாகமத்திலிருந்து மட்டுமே விடை சொல்லும். சொந்தமாக ஒரு சொல் பேசாது; தெரியாது என்று கைவிரிக்கவும் செய்யாது. அதன் விடைதான் அந்தக் கண்ணாடி மாடத்துக்குச் சட்டம்.

ஆகவே அங்கே கேள்வி வரைவது ஒரு தொழிலாகியிருந்தது. கிருபாவதி அதில் கைதேர்ந்தவள். மது குடிக்கலாமா என்று ஒருவன் மொட்டையாகக் கேட்டால் வசனி கண்டிக்கும். அவனே கிருபாவதியிடம் வந்தால், "அடிக்கடி வயிறு நோகிறவன் தண்ணீர் மட்டும்தான் குடிக்கவேண்டுமா?" என்று கேட்கச் சொல்வாள். கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னது வந்து விழும். அவள் பொய் சொல்வதில்லை. பல கதவுகள் உள்ள வீட்டில் எதைத் தட்டவேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தாள், அவ்வளவுதான்.

இந்த வித்தையில் அவளுக்கு ஈடாக இருந்தவன் அவள் தம்பி ஆசீர் மட்டுமே. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரைத் தெளித்தால் போதுமா, முழுக வேண்டுமா என்ற சண்டையில் சபை இரண்டானபோது, அவன் புஷ்பத்தைக் கட்டிக்கொண்டு எதிர் மேட்டிலிருந்த முழுக்கு மாடத்துக்குப் போய்விட்டான். பனிக்கட்டியை உருக்கிக் குடிக்கிற ஊரில் தொட்டி நிறையத் தண்ணீரைப் பாவத்தோடு சேர்த்துக் கொட்டுகிறவர்களோடு இனிப் பேச்சில்லை என்று, தெளிப்பு மாடம் தொடர்புக் கம்பியை அறுத்தெறிந்தது.

அன்று வரிசை நகரத் தொடங்கியபோது வாசல் அதிர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே காப்புடை அணிந்த ஏழெட்டுப் பேர், பெரிய பெட்டிகளோடு நின்றார்கள். முன்னால் நின்றவன் ஆசீர். பக்கத்தில் புஷ்பம்.

"முழுக்குக்காரவ மூட்டை முடிச்சோட வந்து நிக்காவ," என்றார் சபை மூப்பர் தங்கையா. "அங்க காத்து தீந்திருக்கும். தண்ணிய குளிச்சே தீத்துட்டு, மூச்சுக்கு இங்க வாராவளோ?"

சிலர் சிரித்தார்கள். வெளியிலிருந்து குரல் உள்ளே கேட்காது. ஆசீர் இரு கைகளையும் தூக்கி மேலே காட்டினான். மறுபடி மறுபடி காட்டினான்.

"பாத்தீயளா, பரலோகத்தக் காட்டிக் கெஞ்சுதான்!"

"ஒரு ஆளு வெளிய போயி என்னன்னு கேட்டா என்ன மூப்பரே?" என்றாள் கிருபாவதி.

"அவன்ட்ட என்ன கேள்வி? வசனி எதுக்கு இருக்கு? அதுட்ட கேளு."

அவள் கேட்டாள்: "வாசலில் தவித்து நிற்பவனுக்கு என்ன செய்யவேண்டும்?"

வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியனைப் பற்றி வசனி சொன்னது.

"இது பொதுவா கேட்டது, கிருபா. நம்ம நெலமைய வச்சுக் கேளு."

"எங்களை விட்டுப் பிரிந்துபோனவன் திரும்பி வந்தால்?"

கெட்டுப்போன மகனைத் தூரத்தில் கண்டதுமே ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பனைப் பற்றிச் சொன்னது.

மூப்பர் அவள் காதருகே குனிந்தார். "இருக்க காத்து நமக்கே அளவு. ஒம் மவ ரெஜினா வயித்துல பிள்ளையோட நிக்கா. தம்பியா, பேரப்பிள்ளையா? யோசிச்சுக் கேளு, தாயி."

கிருபாவதி நெடுநேரம் பேசாமல் நின்றாள். வாசல் அதிர்ந்துகொண்டே இருந்தது. சரியான சொற்கள் அவளுக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தன. அவை வராமலே இருந்திருக்கக்கூடாதா என்றுதான் நின்றாள்.

"இருப்பது இரு சாராருக்கும் போதாதென்றால், ஆயத்தமில்லாமல் வந்தவர்களுக்குப் பங்கு உண்டா?"

வசனி பத்துக் கன்னிகைகளின் உவமையைச் சொன்னது. எண்ணெய் இல்லாதவர்களுக்குப் புத்தியுள்ளவர்கள் தர மறுத்ததையும், கதவு அடைக்கப்பட்டதையும் சொன்னது.

"ஆமென்," என்றது சபை.

வெளியே புஷ்பத்தின் கால் மடங்கியது. அவளுடைய காப்புடை பழையது. திரும்பிப் போவதற்கான காற்றை வாசலில் நின்றே செலவழித்திருந்தாள்.

"நல்லாத்தான் நடிக்கா," என்றாள் வரிசையில் ஒருத்தி.

ஆசீர் மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். மற்றவர்களும் பெட்டிகளை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்கள்.

சாயங்காலம் காற்றழுத்த மணி அலறியது. வெளியே போய்ப் பார்த்தார்கள். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் வெளிப்பக்கம் ஒரு விரிசல், உள்ளிருந்த காற்றை வெண்புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. முழுக்கு மாடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். பெட்டிகளைத் திறந்தார்கள். அடைப்புத் தகடுகள், பசைக் குழாய்கள். தகடுகளின் அளவைப் பார்த்தால் காலையில் விரிசல் ஒரு முழம்தான் இருந்திருக்கும். இப்போது அது பாதிக் கூரைக்கு ஓடியிருந்தது.

அடுத்து என்ன செய்வதென்று யாரும் வசனியைக் கேட்கவில்லை. காப்புடைகளை மாட்டிக்கொண்டு, கிடைத்த வண்டிகளில் ஏறி முழுக்கு மாடத்தின் வாசலுக்கு வந்து தட்டினார்கள். கிருபாவதி ரெஜினாவின் கையைப் பிடித்திருந்தாள். மூப்பர் தங்கையா இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தினார்.

கண்ணாடிக்கு உள்ளே ஒரு பெஞ்சில் வெள்ளைத் துணி போர்த்திய உடல் கிடந்தது. அதற்கு அப்பால் முழுக்குக்காரர்களின் வசனி. அதன் முன்னே ஆசீர்.

அவன் உதடுகள் அசைந்தன. வசனி விடை சொன்னது. அதைக் கேட்டு ஒரு பெரியவர் கதவை நோக்கி நடந்தார். ஆசீர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினான். மீண்டும் கேட்டான். மீண்டும் விடை வந்தது. கூட்டம் பெஞ்சைப் பார்த்தது. ஆசீர் பேசாமல் நின்றான். நெடுநேரம் நின்றான்.

அந்த மௌனத்தைக் கிருபாவதி அறிவாள்.

"கதவத் தொறக்காம என்ன செய்யுதான் ஒந் தம்பி?" காப்புடைகளை இணைத்த கம்பியில் மூப்பருக்கு மூச்சு இரைத்தது.

"கேள்வியத் திருத்துதான்," என்றாள் அவள்.