காலிக் கோப்பின் ஏழு பக்கங்கள்

வென்லா எழுதிய கோப்புக்காட்டியின் விலை பூஜ்யம் யூரோ. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வரியைத் தங்கள் இணையப் பக்கத்தில் ஒட்டினால் போதும், கடிதமோ வரைபடமோ கணக்குத்தாளோ பழைய ஒலிப்பதிவோ, எதைப் போட்டாலும் உலாவியிலேயே விரித்துக் காட்டிவிடும். அறுபத்தொரு வகை. அவள் அலுவலகத்திலேயே வேலை செய்யும் கிம்மோ மூன்று வருடம் தூக்கம் கெட்டுச் செய்த காட்டியோ முப்பத்தெட்டாவது வகையில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. விலையைக் குறைத்து விற்பவளோடு மல்லுக்கட்டலாம். சும்மா கொடுக்கிறவளோடு எதை வைத்து மல்லுக்கட்டுவது?

திங்கட்கிழமை நகர ஆவணக் காப்பகத்துக்காரர்கள் வருகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றது குப்பைக்கு. அதற்குப் பிறகு கிம்மோவுக்கு இந்த அலுவலகத்தில் என்ன வேலை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காபி ஊற்றும்போது அவன் கோப்பைக்கும் சேர்த்து ஊற்றுவதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள்.

நவம்பர் வெள்ளி, மணி நாலு. வடதுருவத்தை ஒட்டிய ஓவுலு நகரம் முழுக்க அதற்குள் இருட்டிவிட்டது. அலுவலகத்தில் மிச்சமிருந்தது இரண்டே பேர்.

"இன்னுமா கிளம்பல?" வென்லா கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "வீட்ல சவுனா நீராவி அறை ஆறிடப் போகுது."

"உன் செல்லப்பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிறேன்."

"வையி, வையி. எது திறக்கலைன்னு சொல்லு, ஒரு தட்டு இலவங்கப்பட்டை பன் என் செலவு."

"படத்துக்குக் கடிதம்னு பேர் வச்சேன். கடிதத்துக்குப் பாட்டுன்னு வச்சேன். எல்லாத்தையும் திறக்குது."

"பேரை எல்லாம் அது நம்பாது, கிம்மோ. உள்ள எட்டிப் பாத்துத்தான் முடிவு பண்ணும். உன்னோடதுதான் இன்னும் பேர் கேட்டுட்டு நிக்குது, கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாமா மாதிரி." அவள் சிரித்தாள். அதில் விஷமே இல்லை. அதுதான் அவனுக்கு எரிந்தது.

"அப்போ திறக்காததுன்னு ஒண்ணுமே இல்லையா?"

"காலிக் கோப்பு. ஒண்ணுமே இல்லாததுல எதை எடுத்துக் காட்ட? 'காலி'ன்னு மரியாதையா சொல்லிட்டு ஒதுங்கிடும். திங்கள் பாப்போம்!"

லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. கிம்மோ புன்னகைத்தான். காலிக் கோப்பு அதைத் திணறவைத்தால்? காப்பகத்துக்காரர்கள் கொண்டுவரும் மாதிரிகளுக்கு நடுவே ஒன்றைச் செருகி வைப்பது பெரிய காரியமா?

ஒரு கோப்பு உண்டாக்கினான். அளவு பூஜ்யம். யார் போட்டது என்று தெரிய, சோதனைக் கோப்புக்குச் சொந்தப் பெயரையே வைப்பது இந்த அலுவலகத்து வழக்கம். பழக்கதோஷம், விரல் 'கிம்மோ' என்று தட்டிவிட்டது. அதை இழுத்து வென்லாவின் காட்டிக்குள் போட்டான்.

காட்டி 'காலி' என்று சொல்லவில்லை. மூலையில் சாம்பல் எழுத்தில் '1 / 7' என்று சொன்னது.

காற்றோட்டக் குழாய் மேலே ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரம் கடைசித் தண்ணீரைத் துப்பி அடங்க, அறைக்குச் சூடு தரும் வெந்நீர்க் குழாயின் மேல் யாரோ காயவைத்து மறந்துபோன கையுறையிலிருந்து ஈரக் கம்பளி வாடையும் அடிப்பிடித்த காபி வாடையும் கலந்து வர, திரையில் முதல் பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல விரிந்தது. ஒரு ஆள். முதுகு. சாம்பல் ஸ்வெட்டர். அவனுக்கு முன்னால் ஒரு திரை.

கிம்மோ திரும்பிப் பார்த்தான். அவன் பின்னால் மேசைகளும் இருட்டும்தான் இருந்தன. கேமரா எதுவும் இல்லை.

வென்லாவின் குறும்பு, என்று நினைத்துக்கொண்டான். நினைப்பிலும் பொறாமைதான் முந்தியது: எப்படிச் செய்தாள்? நான் ஏன் இதை யோசிக்கவில்லை?

இரண்டாம் பக்கம். பிடரி, வெகு அருகில். காதுக்குக் கீழே காலையில் சவரம் செய்தபோது பட்ட கீறல்.

அப்போதுதான் நாற்காலி கிறீச்சிட்டது. அவனுடையது பழைய நாற்காலி. காற்று போன உருளை. உட்கார்ந்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இப்போது அது ஏறிக்கொண்டிருந்தது. மேல் பாரம் குறைந்தால் ஏறுவது போல.

கோப்பின் அளவைப் பார்த்தான். பூஜ்யமாக இருந்தது இப்போது பூஜ்யமாக இல்லை.

மூடும் பொத்தானை அழுத்தினான். மூன்றாம் பக்கம் வந்தது. ஸ்வெட்டருக்குள்ளே. தோல். நெஞ்சுக்கூட்டின் இடது பக்கம் சில்லிட்டது, ஜன்னல் திறந்ததைப் போல.

நான்கு. தோலுக்கும் உள்ளே. அங்கே எழுத்துகள். அவனுடைய எழுத்துகள். 'அவள் வராமலே இருந்திருக்கலாம்.' வரிசை வரிசையாக. பக்கம் கொள்ளாமல். வென்லா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, பதின்மூன்று மாதங்களாக அவன் யாரிடமும் சொல்லாத ஒரே வரி.

நாற்காலி ஏறியது.

எழுந்து ஓட வேண்டும். கால் தரையைத் தேடியது. கால் இருந்ததா?

"வென்லா!" என்று கத்தினான். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அவன் குரலில். 5 / 7.

அளவு ஏறியது. நாற்காலி ஏறியது.

ஆறாம் பக்கம்.

அதே அறை. அதே மேசை. முழு உயரத்துக்கு ஏறிய நாற்காலியில் ஒரு சாம்பல் ஸ்வெட்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டு கைகளும் தட்டச்சுப் பலகை மேல், உள்ளே ஒன்றுமில்லாமல், விசை தட்டத் தயாராக.

கிம்மோ குனிந்து தன் கைகளைப் பார்க்க முயன்றான். பார்ப்பதற்குக் குனிய ஒரு தலை வேண்டுமே.

ஸ்வெட்டரின் வலது கை அசைந்து, பக்கம் திருப்பும் அம்புக்குறியைத் தொட்டது.

கோப்பின் பெயர்: கிம்மோ. மொத்தப் பக்கம் ஏழு. காட்டியது ஆறு. மீதி ஒன்று.