எண்ணெய் எங்கே போகிறது?

ஷாமினியின் அம்மா புனிதா வாழை இலை வியாபாரம் செய்கிறார். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் இலை வாங்கி, தன் பழைய நீல நிற பிக்அப் லோரியில் ஏற்றி, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கிள்ளானில் அவர்கள் இருக்கும் தெருவில் அந்த லோரியைத் தெரியாதவர்கள் கிடையாது. லோரி வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும்.

கொஞ்ச நாளாக இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் லோரி முனகியது. ஸ்டீரிங்கும் கல்லாகக் கனத்தது. வாசலில் லோரியை நிறுத்துவதற்குள் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிவிடும்.

"ஸ்டீரிங் எண்ணெய் குறைஞ்சிருக்கு அக்கா" என்றார் மெக்கானிக் குகன். காலையில் வீட்டுக்கே வந்து சிவப்பு எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனார். மறுபடியும் குறைந்தது. மறுபடியும் ஊற்றினார். மறுபடியும் குறைந்தது.

"எங்கேயோ ஒழுகுது. தரையில சொட்டு இருக்கா?" என்று கேட்டார் குகன்.

"இல்லையே தம்பி. தினமும் பாக்கிறேன். சிமெண்டு சுத்தமாதான் இருக்கு."

குகன் தலையைச் சொறிந்தார். "வெளிய ஒழுகலன்னா சக்கரத்தைத் திருப்புற ஸ்டீரிங் ராக்குக்குள்ளதான் ஒழுகணும். அதை முழுசா மாத்தணும். இந்த மாடலுக்கு அந்தச் சாமான் இப்ப கிடைக்காது. பேசாம வித்துடுங்க லா."

அன்று மாலை அம்மா யாரிடமோ போனில் பேசினார். லோரியைப் பார்க்க இரண்டு நாள் கழித்து ஓர் ஆள் வருவதாக முடிவானது.

"லோரி இல்லாம நீங்க என்னம்மா செய்வீங்க?" என்று ஷாமினி கேட்டாள்.

"ஃபேக்டரியில ஆள் எடுக்கிறாங்க. நைட் ஷிப்ட். நீ சுங்கை வேயில பெரியம்மா வீட்டுல படுத்துக்கலாம்."

ஷாமினிக்கு அங்கே போக மனமில்லை. பெரியம்மா நல்லவர்தான். ஆனால் பெரியம்மா அம்மா ஆகமாட்டாரே. அம்மாவுக்கும் மனமில்லை என்பது தெரிந்தது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தெருவில் ஒரு பூனை உண்டு. மீ கோரேங் என்ற பொரித்த நூடுல்ஸின் நிறத்தில் இருந்ததால் ஷாமினி அதற்குக் கோரேங் என்று பெயர் வைத்திருந்தாள். யார் வீட்டுப் பூனை என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எல்லார் வீட்டுப் பூனையும் அதுதான். லோரி வந்து நின்றதும் அதன் அடியில் புகுந்து படுத்துவிடும். எஞ்சின் சூடு அதற்கு அவ்வளவு பிடிக்கும்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் ஷாமினி லோரிக்கு அடியிலிருந்து கோரேங்கை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் கவலையை எல்லாம் அதனிடம் சொன்னாள். கோரேங் கொட்டாவி விட்டது.

இறக்கிவிட்டபோது அவளுடைய வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"அம்மா, கோரேங்குக்கு ரத்தம் வருது" என்று கத்தினாள்.

அம்மா ஓடிவந்தார். இருவரும் ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். காயமே இல்லை. முதுகு மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. அந்த நிறத்து முடியில் சிவப்பு இருந்ததே தெரியவில்லை.

ஷாமினி சட்டையை முகர்ந்து பார்த்தாள். "ரத்தம் இல்லம்மா. குகன் அண்ணே ஊத்துற எண்ணெய்."

இருவரும் லோரியின் அடியில் குனிந்து பார்த்தார்கள். சிமெண்டு சுத்தமாக இருந்தது.

"தரையில எப்படிம்மா சொட்டு இருக்கும்?" என்றாள் ஷாமினி. "தினமும் அதே இடத்துல படுத்து எல்லாத்தையும் இவன் வாங்கிக்கிறான்."

அம்மா பூனையைப் பார்த்தார். "தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்ச மாதிரி படுத்திருக்கான். நக்கினா வயித்துக்கு ஆகாது. முதல்ல இவனைக் குளிப்பாட்டணும்."

அதைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. முடிவில் மூவருமே குளித்திருந்தார்கள்.

"அம்மா, ஒரு தடவை ஓட்டிட்டு வாங்க. எஞ்சின் சூடா இருந்தாதான் இவன் அங்க படுக்கிறான். அப்பதான் சொட்டும்னு நினைக்கிறேன்."

அம்மா கடைத்தெரு வரை போய்விட்டு வந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியதும், ஷாமினி ஓர் அட்டையைத் துடைப்பத்தால் பூனை படுக்கும் இடத்துக்குத் தள்ளினாள். அவ்வளவுதான், கோரேங் ஓடிப்போய் அட்டையின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அது திமிறியது, முறைத்தது, கடைசியில் குறட்டை விட்டது. கால் மரத்துப்போயும் ஷாமினி எழுந்திருக்கவில்லை.

அட்டையில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

அம்மா உடனே குகனுக்குப் போன் செய்தார். வந்தவர் டார்ச்சோடு லோரியின் அடியில் நுழைந்தார். "அக்கா, ராக் நல்லாதான் இருக்கு. எண்ணெய் திரும்பி வர்ற ஹோஸ் குழாய் நுனியில வெடிச்சிருக்கு. சூட்டுலதான் சொட்டுது. ஓடுறப்ப ரோட்டுல போயிருக்கு, நின்னப்ப பூனை மேல. நான் தரையைத்தான் பாத்தேன். பூனையைப் பாக்கல லா."

புது ஹோஸ் மாட்டினார். கிளிப்பை இறுக்கி எண்ணெய் ஊற்றினார். "இப்ப ஸ்டார்ட் பண்ணி ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்புங்க. உள்ள இருக்கிற காத்து வெளிய வரணும்."

அம்மா திருப்பத் திருப்ப முனகல் குறைந்தது. பிறகு நின்றே போனது.

அம்மா போனை எடுத்தார். "அண்ணே, நாளைக்கு வர வேணாம். நான் லோரியை விக்கல."

பேசி முடித்துவிட்டு ஷாமினியைப் பார்த்தார். "ஏறு."

"எங்கம்மா?"

"சும்மா."

ஷாமினி ஏறிக்கொண்டாள். திரும்ப வேண்டாத தெருமுனைகளில்கூட அம்மா ஒற்றைக் கையால் ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பி ஓட்டினார்.