வராதவனின் கல்

கப்பலுக்குப் போகிறவர்கள் பெண்டாட்டிக்கு சென்ட் வாங்கி வருவார்கள், துணி வாங்கி வருவார்கள். அலோன் பேட்டையில் குடியிருக்கும் பூர்ணாவின் புருஷன் சந்திரமோகன் ஒரு கல்லைக் கொண்டு வந்தான்.

அதுவும் எப்பேர்ப்பட்ட கல்! கரேலென்று, வழவழவென்று, அச்சு அசல் லிங்கம். கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில், உறைந்த கடலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் மலையின் அடிவாரத்தில் கிடைத்ததாம். மலையேறிகளை அங்கே இறக்கிவிடும் கப்பலில் அவன் சமையல்காரன். கோடையில் பனி உடைந்தால்தான் அந்தப் பக்கம் போகவே முடியும். வடக்கு முகத்தில் ஏறினவர்களில் உச்சியைத் தொட்டவர்களைவிட விழுந்தவர்களே அதிகம் என்றான்.

பூர்ணா கல்லைச் சாமி மாடத்தில் வைத்தாள். தினமும் பால் ஊற்றி, விபூதி பூசி, சோறு படைத்து, இந்த வீட்டிலேயே குடியிரு என்று வாய் நிறைய வேண்டிக்கொண்டாள்.

சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜான் வந்தது. தெருவில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி வெயிலை விரட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லை. ஊரே வெந்தது.

பூர்ணாவின் வீட்டில் மட்டும் மூச்சு புகையாக வந்தது.

படைத்த சோறு கல்லாக விறைத்துக் கிடந்தது.

பட்டப்பகலில் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். இரும்பு முள் வைத்த பூட்ஸ். வாசல்வரை ஏறி வந்து நின்றது. அவள் கதவைத் திறந்தாள். யாருமில்லை.

உள்ளே கட்டிலில் சந்திரமோகன் நடுங்கிக்கொண்டிருந்தான். சித்திரை வெயிலில் அவன் விரல் நுனிகள் பனி கடித்ததுபோல் கறுத்திருந்தன. கல்லைச் சரியாக எங்கிருந்து எடுத்தான் என்று பூர்ணா உலுக்கிக் கேட்டாள். அடிவாரத்தில் ஒரு கல் குவியல் உண்டு, ஏறுகிறவன் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவான், இறங்கி வந்ததும் தன் கல்லை எடுத்துக்கொள்வான் என்றான்.

"அப்போ மிச்சம் கெடக்குற கல்லு?"

"வராதவங்களோடது."

"அட பாவி மனுஷா, செத்தவனுக்கா நான் சோறு வச்சேன்?"

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச்சொல்லி அழுதாள். அடுத்த கப்பலிலேயே கல்லோடு போனான். அவன் படியிறங்கியதும் வீட்டுக் குளிர் விட்டது. ஊர்ப் புழுக்கம் உள்ளே வந்தபோது, அப்பாடா என்று அவள் தரையிலேயே படுத்துவிட்டாள்.

ஆடி மழை கொட்டிய ஒரு மத்தியானம் போன் வந்தது.

"வச்சிட்டேன், பூர்ணா. அதே குவியல்ல, என் கையாலேயே வச்சேன்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சீக்கிரம் கப்பலுக்குத் திரும்பச் சொன்னாள். காற்று மட்டும் இரைந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கல்லை வைக்கிறவன் ஏறுகிறவன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"ஏறிக்கிட்டிருக்கேன்."

"உங்களுக்கு ஏறத் தெரியாதே."

"முன்னாடி ஒருத்தர் கயிறு பிடிச்சிருக்கார்."

"யாரு?"

அவன் திரும்பி யாரிடமோ கேட்பது கேட்டது.

"உன் கையால சாப்பிட்டவராம்."