திருஷ்டிப் பொம்மைக்குப் போட்ட சட்டை

ஜெயபாண்டி அந்தப் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை தலைக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்தவன், இப்போது கட்டடங்களின் வெளிச்சுவரைப் படம் பிடிக்கிறான். சுவர் கண்ணை மூடாது. இன்னொரு தரம் எடுங்கள் என்று கேட்காது. அந்த வகையில் நிம்மதியான தொழில்.

அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு சந்தின் கடைசியில் இருந்தது கம்பெனி. போன மழையில் பின்சுவர்ப் பூச்சு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்ததால், சரக்கு எடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் சுவர்ப் படம் கேட்டிருந்தார்கள். மேனேஜர் பூபாலன் வாசலுக்கே வந்துவிட்டார்.

“வாங்க தம்பி. ஊட்டுக்காரம்மா நம்ம செக்கிங்ல தானுங்களே? அப்ப சுவத்த அழகாத்தான் எடுப்பீங்க.”

“இருக்கிறதுதான் வரும்ணே,” என்றான் ஜெயபாண்டி. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். மரியாதையைச் சுருக்கமாகத்தான் கொடுப்பான்.

அவன் மனைவி நாகஜோதி மேல்மாடியில் உட்கார்ந்து துணியில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்ததுதான் அந்தப் பின்சுவர்.

ட்ரோனில் இருந்தது வெப்பம் காட்டும் கேமரா. பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் அதில் மஞ்சளாகத் தெரியும். பூச்சு செங்கல்லை விட்டுக் கிளம்பிய இடம் மட்டும் சிவப்பாகத் தெரியும்.

முன்சுவர் மஞ்சள். பக்கச்சுவர் மஞ்சள். பின்சுவரில் ஜன்னலே கிடையாது. அதன் அடியில் ஈரச் சிமெண்டும் பழைய வியர்வையும் கலந்த ஒரு வாடை தேங்கி நின்றது. ட்ரோன் மேல்மாடி உயரத்துக்கு எழும்பியது.

அங்கே ஓர் ஆள் இருந்தான். சிவப்பாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

பூபாலன் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். “அட, இது திருஷ்டிப் பொம்மைங்க,” என்றார், ஒன்றுவிட்ட பங்காளியைக் கண்ட மாதிரி.

கட்டடம் எழும்பும்போது பின்பக்கம் கட்டிய பொம்மை அது. அமாவாசை உச்சிப்பொழுதில் அவிழ்த்து எரித்திருக்க வேண்டும். ஆனால் திறப்புவிழா முகூர்த்தம் அமாவாசைக்கு முன்னால் அமைந்துவிட்டது. நாள் பார்க்காமல் அவிழ்க்க ஒருத்தனும் கை வைக்கவில்லை. அவிழ்த்தால்தானே தோஷம் என்று கொத்தனார் பொம்மையோடு சேர்த்துப் பூசிவிட்டார்.

“சட்ட போட்டிருக்கு போல?”

“பழைய சட்டதானுங்க போடோணும். இங்க இருக்கறது பூராம் புது எக்ஸ்போர்ட்டு. சாரத்துல இருந்து ஒருத்தன் விழுந்து செத்தானுங்க, வீரணன்னு, உங்க சீமைக்காரன். அவன் சட்ட ஆணியில தொங்குச்சு. எதுக்கு வீணாக்கோணும்னு மாட்டி உட்டாங்க.”

“விசாரிக்க யாரும் வரலயா?”

“வந்தாங்க. அப்படி ஒரு ஆளே நம்மகிட்ட இல்லீங்கன்னு சொல்லிட்டோம். ஆளே இல்லீன்னா செத்தது யாருங்க?”

தர்க்கத்தில் பழுது இல்லை. ஜெயபாண்டி மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தான்.

பொம்மை ஒரு மாடி கீழே இருந்தது.

“பொம்மை இறங்குமாண்ணே?”

“இறங்காதுங்க.”

இறங்கியது.

பூச்சுக்குள்ளேயே, போர்வைக்குள் ஊரும் பூனை மாதிரி. அது விட்டு வந்த வழியெல்லாம் சுவர் பிளந்து சிவந்தது. மேல்மாடியில் மஞ்சள் என்று சொல்ல ஓரிடம் மிச்சமில்லை.

நாகஜோதிக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. ஷிப்டு நேரத்தில் எல்லோருடைய போனும் பூட்டிய பெட்டியில்தான் இருக்கும்.

“அண்ணே, ஆளுகளை வெளிய கூப்பிடுங்க. சுவர் நிக்காது.”

“கண்டெய்னர் வாசல்ல நிக்குதுங்க தம்பி. லோடு ஏறட்டுங்க.”

ஜெயபாண்டி ட்ரோனை அந்தரத்தில் நிறுத்திவிட்டு ஓடினான். தீ அபாயச் சங்கின் கண்ணாடியை முழங்கையால் உடைத்து அமுக்கினான்.

தீப் பயிற்சி அந்தக் கம்பெனியில் அடிக்கடி நடக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது பிடிக்கும். ஆகவே யாரும் அலறவில்லை, முண்டவில்லை. கற்றுக்கொடுத்தபடி படியிறங்கி, கற்றுக்கொடுத்த இடத்தில் வரிசையாக நின்றார்கள்.

அந்த இடம் பின்சுவரின் அடி. கம்பெனியில் வேறு காலி மண் கிடையாது.

ஜெயபாண்டி காப்பாற்றுகிறேன் என்று எல்லோரையும் அதன் காலடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

“ஜோதி, அங்குட்டு ஓடு.”

“மானத்த வாங்காதீக. எண்ணி முடிக்காம வரிசை கலையக் கூடாது.”

கையைப் பிடித்து இழுத்தான். அவள் வரவில்லை. அவள் முகம் மெல்ல மாறியது.

“கால எடுக்க முடியலைங்க,” என்று கிசுகிசுத்தாள். “பின்னாடி யாரோ துப்பட்டாவப் பிடிச்சிருக்காக.”

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஓர் ஆள் நிற்குமளவுக்கு இடைவெளி மட்டும் இருந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் அதை விட்டு நின்றிருந்தார்கள்.

ட்ரோன் கேமராவைக் கீழே சாய்த்து, கையிலிருந்த ஸ்கிரீனைப் பார்த்தான். வரிசை முழுதும் சிவப்பு மனிதர்கள். அந்த இடைவெளியில் மட்டும் சூடே இல்லாமல் கருநீலமாக ஒருவன்.

சுவரில் பொம்மை இல்லை.

சூப்பர்வைசர் சித்ரகலா எண்ணச் சொன்னாள். ஆளாளுக்குத் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நாகஜோதி சொன்னாள். அடுத்த எண்ணை ஓர் ஆண்குரல் சொன்னது, கரண்டியால் சிமெண்டுச் சட்டியைச் சுரண்டியது போல.

“ஒண்ணு சாஸ்தியா வருதுங்க சார்.”

“மறுக்கா எண்ணு கண்ணு,” என்றார் பூபாலன். “கணக்கு நேராகாம யாரும் நகரக் கூடாது.”

மறுபடி எண்ணினார்கள். மறுபடி ஒன்று அதிகம். சுவரிலிருந்து மாவு சலிப்பது போலத் தூள் கொட்டத் தொடங்கியது. அது நாகஜோதியின் தலையிலும் விழுந்தது.

ஜெயபாண்டி பூபாலனின் காலில் விழுந்தான்.

“அண்ணே, அவரையும் சேத்துக்கங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

“யாரைங்க?”

“இல்லவே இல்லன்னு சொன்னீங்கள்ல, அவர.”

பூபாலன் ஸ்கிரீனைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

“வீரணன்.”

தூள் நிற்கவில்லை. அவர் குரலை உயர்த்தினார்.

“வீரணனுங்க. நம்ம கம்பெனி ஆளுங்க. இங்க வேலை செஞ்சவருங்க.”

நாகஜோதியின் தோளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

“வந்திருக்கேன்யா.”

“கணக்கு சரியாப் போச்சுங்க,” என்றாள் சித்ரகலா, அழுதுகொண்டே.

துப்பட்டா தளர்ந்தது. ஜெயபாண்டி அவளை இழுத்துக்கொண்டு ஓட, வரிசை மொத்தமும் பின்னால் ஓடியது. கடைசிக் கால் வாசலைத் தாண்டியதும் சுவர் உட்கார்ந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இடிபாட்டில் பொம்மையின் குச்சிகள் கிடந்தன, அடைத்திருந்த பனியன் வேஸ்ட் கிடந்தது. சட்டை மட்டும் இல்லை.

பைக்கில் வீடு திரும்பும்போது வண்டி மேடு ஏறத் திணறியது.

“உங்க முதுகு ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?” என்றாள் நாகஜோதி.

“வேர்வை,” என்றான் அவன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே போனில் செய்தி வந்துவிட்டது. சிக்னல் கேமரா எடுத்த படம். குற்றம்: ஒரே வண்டியில் மூவர். நடுவில் இருப்பவர் ஹெல்மெட் அணியவில்லை.

படத்தைப் பெரிதாக்கினான். சிமெண்டுக் கறை படிந்த சட்டை. வெகுநாள் கழித்து ஊருக்குப் போகிறவன் பஸ்ஸில் அசந்து தூங்குவது போல, ஜெயபாண்டியின் தோளில் தலை சாய்த்திருந்தான்.

ஜெயபாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு நாகஜோதி நிலைப்படியில் வந்து நின்றாள்.

“கதவச் சாத்தட்டுமாங்க?” என்றாள். “அவரு உள்ள வந்துட்டாரு.”