பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

"குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும் மேடம், அவ்ளோ அமைதி" என்று தரகர் சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் கையிலிருந்த சாவிக்கொத்து நழுவி விழுந்தது. தரை முழுக்க டைல்ஸ். கொத்தில் வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, அலுவலக மேசைச் சாவி என்று ஏழெட்டு இரும்புத் துண்டுகள். கூடமே அதிர்ந்திருக்க வேண்டும். கேட்டது என்னவோ பஞ்சு மூட்டையில் விழுந்ததுபோல் ஒரு சின்னத் 'தொப்'. தரகர் அதைக் கவனிக்கவே இல்லை. சமையலறை அலமாரிகளைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஹெட்செட் மாட்டி மாட்டி என் காதும் போச்சு போலிருக்கிறது என்று நினைத்தாள். நாள் முழுக்கத் தொலைபேசியில் புகார் வாங்குவது அவள் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரே அவள் காதுக்குள் கத்தும். "உங்க சிரமம் புரியுது சார்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் ஒருநாள் கணவனிடம் அதையே சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடத் தெம்பில்லாத நேரம் அது.

அவர் இரவு ரயில் ஓட்டுகிறவர். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழிக்கும்போது தூங்க வேண்டும். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குக் கீழே இரும்புக் கதவு செய்யும் பட்டறை. காலையில் அவர் தலையணையில் தலை சாய்ப்பதும் கீழே இரும்பு அறுக்கும் இயந்திரம் தொடங்குவதும் ஒன்றாகவே நடக்கும். இது போதாதென்று நான்கு வயது மகள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "ச்சூ, அப்பா தூங்குறாரு" என்பதைத்தான் அவள் அம்மாவிடமிருந்து மற்ற எதையும்விட அதிகமாகக் கேட்டு வளர்ந்தாள்.

போன மாதம் ஒரு விடியற்காலையில் வேலை முடிந்து வந்த மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஒரு சிக்னலைத் தாண்டி வந்திருக்கேன். எப்போ தாண்டினேன்னு தெரியல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா நான் அங்க இல்ல."

"யாருக்காவது தெரியுமாங்க?"

"பச்சை விளக்கு. அதனால யாருக்கும் தெரியல. சிவப்பா இருந்திருந்தா?" செருப்பைக் கழற்றக் குனிந்தவர் பாதியில் நிமிர்ந்தார். "பின்னாடி அத்தனை பெட்டியிலயும் ஜனங்க என்னை நம்பித் தூங்கிட்டு வர்றாங்க."

அன்றிலிருந்து அவள் வீடு தேடினாள். அறை எத்தனை, வெளிச்சம் எப்படி, தண்ணீர் வருமா என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி ஒன்றுதான்: பகலில் இந்தத் தெருவில் ஒரு மனுஷன் தூங்க முடியுமா? அதற்காகவே மதியச் சாப்பாட்டு நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் புறநகர்த் தெருக்களில் அலைந்தாள். ஒரு தெருவில் தச்சுப் பட்டறை. ஒரு தெருவில் நாய்கள், அவற்றைவிட உரக்கக் குரைக்கும் நாய்க்காரர்கள். ஒரு வீடு மனசுக்குப் பிடித்துப்போய்க் கிட்டத்தட்ட முடித்தேவிட்டாள். அப்போது பார்த்து எதிர்வீட்டு மனிதர், ஐம்பது வயதுக்கு மேல் வயலின் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர், பயிற்சியை ஆரம்பித்தார். அலைந்து அலைந்து அவளுக்குக் கால் ஓய்ந்தது. எங்கேயாவது ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

அந்த நேரத்தில்தான் இந்தத் தெரு கிடைத்தது. இருபுறமும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், சீராக வெட்டிய புல், மதிய வெயிலில் வானத்தை மட்டுமே காட்டும் கண்ணாடி ஜன்னல்கள். ஈரப் புல்லின் வாசனையும் புதுச் சுண்ணாம்பின் வாசனையும் கலந்து வந்தன. பக்கத்து வீட்டு வாத்தியார், ஓய்வு பெற்றவர், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல தெருவுங்களா சார்?" என்று கேட்டாள்.

"தூக்கம் வராதவங்களுக்கு இதைவிட நல்ல தெரு கிடையாதும்மா. நானே அதுக்காக வந்தவன்தான்."

"வீட்டுல அம்மா இருக்காங்களா?"

"உள்ளதான் இருக்கா. முன்னெல்லாம் பொழுது விடிஞ்சா எங்களுக்குள்ள சண்டைதான். இங்க வந்தப்புறம் அவகிட்டேர்ந்து ஒரு வார்த்தை வரணுமே!"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். கொடுத்துவைத்தவர் என்றுகூட நினைத்தாள்.

தெருமுனைக் கடைக்காரரையும் விசாரித்தாள். கடைக்காரரைக் கேட்டால் தெருவின் ஜாதகமே தெரிந்துவிடும் என்பது அவள் அனுபவம். அவர் சில்லறையைத் தேடிக்கொண்டே சொன்னார்: "தங்கமான மனுஷங்க. ஒரு வம்பு தும்பு கிடையாது. என்ன, வீட்டுக்கு ஒருத்தர்தான் கடைக்கு வருவாங்க. மத்தவங்க முகத்தை நான் பார்த்ததே இல்ல." வெயிலுக்குப் பயந்து உள்ளேயே இருக்கிறார்கள் போல என்று அவளே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டாள். அலுத்துப்போன மனசு எந்தப் பதிலையும் ஏற்றுக்கொள்ளும்.

சனிக்கிழமை மதியம் மூவருமாக வந்தார்கள். இரவெல்லாம் ரயில் ஓட்டிவிட்டு வந்த கண்கள் அவருக்கு; மிளகாய்ப்பழம் தோற்றது. தரகர் சாவியைக் கொடுத்து, "சாயந்திரம் வரைக்கும் இருந்து பாருங்க சார், படுத்துத் தூங்கியே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முன்னறையில் அவள் போர்வையை விரித்தாள். அவர் படுத்தார். அவள் தலைமாட்டில் வைக்க ஒரு துண்டை மடித்துத் திரும்புவதற்குள் தூங்கிப்போனார். வாடகை வீட்டில் புரண்டு புரண்டு படுத்துக் கடைசியில் எழுந்து உட்கார்ந்துவிடும் மனிதர், அடித்துப்போட்டாற்போல் கிடந்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயோ, இது எத்தனை நாளைக்கப்புறம்!

"அம்மா, இந்த வீட்டுல எனக்கு ஒரு ரூம் உண்டா? மாடி ஏன் இல்ல? அந்தத் தாத்தா ஏன் நம்மளையே பாக்குறாரு?" ரேடியோ ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவள் குரல் ஏனோ அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் இருந்தது. குழந்தை வாயருகே காதைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டியிருந்தது. பாவம், முதல்முறையாக மெதுவாகப் பேசப் பழகுகிறாள் என்று அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"கண்ணு, நீ பின்னாடி ரூம்ல போயி விளையாடு. அப்பா எந்திரிக்கிற வரைக்கும் சத்தம் கூடாது. சரியா?"

குழந்தை இரண்டு பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த அறைக்கு ஜன்னல் உயரத்தில் ஒன்றே ஒன்று. கதவு கூடத்துப் பக்கமாகத் திறப்பது. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா அந்தக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, அதன்மேலேயே முதுகைச் சாய்த்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

என்ன அமைதி. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, ஆனால் கேட்கவில்லை. வாத்தியாரின் தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சுவது ஜன்னல் வழியே தெரிந்தது, அதுவும் கேட்கவில்லை. சுவரில் புதுப் பெயிண்டின் வாடை, தரையில் டைல்ஸின் குளிர்ச்சி, உள்ளே எங்கோ அடைபட்ட காற்றின் புழுக்கம், இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள்மேல் வந்து படிந்தன. ஒருவன்கூடக் காதுக்குள் கத்தவில்லை. யாருடைய சிரமமும் புரிய வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் முதுகில், கதவு மரத்தின் வழியாக, மெல்லிய அதிர்வு ஒன்று தொட்டது. விட்டுவிட்டு, பிறகு தொடர்ந்து. பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறதோ? இல்லை, தூரத்தில் சரக்கு ரயில் போகிறதோ? கல்யாணமான புதிதில் அவரோடு போன முதல் ரயில் பயணத்தில், கீழ்ப் படுக்கையில் இப்படித்தான் உடம்பெல்லாம் அதிர்ந்தது. எவ்வளவு சுகமாகத் தூங்கினாள் அன்று. யாரோ முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. தட்டிக்கொடுக்கத் தட்டிக்கொடுக்க, அவள் கண் சொருகிக்கொண்டு போனது.

விழித்தபோது கூடத்தில் மஞ்சள் வெயில் சாய்ந்திருந்தது. வாய் உலர்ந்திருந்தது. முன்னறைக் கதவு திறந்து கிடந்தது. போர்வை மட்டும்தான் இருந்தது, அழகாக நான்காக மடித்து. எழுந்து வெளியே போயிருக்கிறார். இவளாவது தூங்கட்டும் என்று எழுப்பாமல் போயிருக்கிறார். நல்ல மனுஷன்.

முதுகில் அந்த அதிர்வு இன்னும் இருந்தது. முன்னைவிட மெதுவாக. முன்னைவிடத் தாழ்வாக. உட்கார்ந்திருந்த அவள் இடுப்புக்கு நேராக.

அவள் தூக்கக் கலக்கத்தில் அதை ரசித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு தட்டல். நின்றது. இரண்டு தட்டல்.

இயந்திரம் அப்படித் தட்டாது.

ரயிலும் தட்டாது.

அவள் துள்ளி எழுந்தாள். கதவை இழுத்தாள். இத்தனை நேரம் அவள் பாரத்தில் மூடிக் கிடந்த கதவு சுலபமாகத் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து குழந்தை அவள் கால்மேல் வந்து விழுந்தாள்.

கை முட்டிகள் இரண்டும் தோலுரிந்து கிடந்தன. முகமெல்லாம் கண்ணீரும் சளியும். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாக்கு நடுங்கியது.

கத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

"கண்ணு! என் கண்ணு! அம்மாதான்டா!" அவள் உதடு அசைந்தது. தொண்டை வலித்தது. அவள் குரலும் அவளுக்குக் கேட்கவில்லை. குழந்தையை அள்ளி மார்போடு அணைத்தாள். காதோரம் சூடாக, ஈரமாக, அந்த அலறலின் மூச்சுக்காற்று மட்டும் வந்து மோதியது. பாவி நான், பாவி நான், என் முதுகுக்குப் பின்னாலேயே. எவ்வளவு நேரமாக?

வாசலுக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியைத் திருகினாள். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எதுவும் பிடிபடவில்லை. தோளால் இடித்தாள். காலால் உதைத்தாள். கதவு அசையவில்லை.

பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினாள். வாத்தியார் வீட்டோடு ஒட்டிய சுவர் அது.

சுவர் அதிர்ந்தது.

உள்ளங்கைக்கு நேரே. அந்தப் பக்கமிருந்து. தட்டல். நின்றது. மறுபடி தட்டல். களைத்துப்போன, விடாத, ரொம்ப நாள் பழகிய தட்டல்.

ஜன்னலுக்கு ஓடினாள்.

வெளியே அவர் நின்றிருந்தார். பக்கத்தில் வாத்தியார். சாயங்கால வெளிச்சத்தில் கணவரின் முகம் கல்யாணப் போட்டோவில் இருந்த முகமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பில்லை. தோளில் கூன் இல்லை. காதில் போன். தரகரிடம்தான். உதட்டசைவு தெளிவாகத் தெரிந்தது: எடுத்துக்கறோம். இந்த வீட்டையே எடுத்துக்கறோம்.

அவள் இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். என்னங்க! என்னங்க! குழந்தையும் தோளிலிருந்தபடி அடித்தாள். கண்ணாடியில் ரத்தம் இழுபட்டது.

அவர் திரும்பினார். ஜன்னலைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளுக்கப்புறம், வாய் நிறையச் சிரித்தார்.

கையை உயர்த்தி, அவர்களுக்குப் பதிலுக்குக் கையசைத்தார்.

அவருக்குப் பின்னால் எதிர்வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. கண்ணாடிகளில் இருந்த வானம் போய்விட்டது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஆட்கள். வயதானவர்கள், பெண்கள், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. எல்லாருடைய வாயும் திறந்திருந்தது. எல்லாரும் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு கையாலும்.