நான்கு கட்டக் கோமாளி

செவ்வாய்க் கோளின் கூரைநகரப் பள்ளியில் மதிய உணவு மணி அடித்ததும் யாரும் டப்பாவைத் திறக்க மாட்டார்கள். முதலில் காமிக்ஸ். ஒவ்வொருவர் கண்ணிலும் பொருத்தியிருந்த விழிவில்லையில் அன்றைய நான்கு கட்டங்கள் விரியும். கேமராக்களையும் மாணவர்களின் நாடித்துடிப்பையும் நாள் முழுக்கக் கவனிக்கும் ‘வரைவி’ என்ற இயந்திரம், முந்தைய நாள் மானம் போன நிமிடத்தைச் சிரிப்புக் கதையாக வரைந்து அனுப்பும்.

பதினொன்றாம் வகுப்பு நிறைமதிக்கு அந்த மணி என்றாலே பயம். தினமும் அதில் கோமாளி அவள்தான்.

இன்றைய கதையில், தாழ்வாரத்தில் அவளுக்குப் பிடித்த சர்வேஷ் கையாட்டுகிறான். நிறைமதி பூரித்துப்போய்த் திருப்பி ஆட்டுகிறாள். அவன் ஆட்டியது அவளுக்குப் பின்னால் நின்றவனுக்கு. கடைசிக் கட்டத்தில், தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிகிறாள்.

உணவுக்கூடமே சிரித்தது. அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நிறைமதி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அழுதால் நாளைக்கு அதுவும் கதையாகிவிடும்.

“பார்த்தியாடி?” என்றாள் பக்கத்திலிருந்த தோழி ஷெரின்.

“பார்த்தேன். செம.”

காமிக்ஸைப் பற்றி இதற்கு மேல் அங்கே யாரும் பேசுவதில்லை. ஷெரின் இரக்கப்பட்டுத்தான் பேச்சை விட்டுவிட்டாள் என்று நினைத்து நிறைமதி இன்னும் குறுகிப்போனாள்.

மாலையில், வரைவிக்குப் பொறுப்பான ஜெசிந்தா மிஸ்ஸிடம் போய் நின்றாள்.

“மிஸ், என்னைத் துருவப் பள்ளிக்கு மாத்திடுங்க. அம்மாவை விட்டுட்டு ஹாஸ்டல்ல இருந்துக்கறேன். இங்க எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.”

மிஸ் டீயைக் கீழே வைத்தார். “உன் கதையை உன்னைத் தவிர யாரும் பார்க்கலம்மா.”

“கூடமே சிரிச்சுதே மிஸ்?”

“அவங்கவங்க கதைக்கு. பிள்ளைங்க தமிழ் வாசிக்கணும்னு ஆரம்பிச்சது இது. முதல்ல எல்லாருக்கும் ஒரே கதை போட்டோம், ஒருத்தரும் படிக்கல. தன்னைப் பத்தின கதைன்னா ஒரு எழுத்து விடாம படிக்கிறீங்க. ஊருக்கே தெரிஞ்சுடுச்சுன்னு நெனச்சுட்டு, அதை மறைக்கச் சத்தமா சிரிக்கிறீங்க.”

நிறைமதிக்கு அப்பாடா என்றிருந்தது. தன்னை யாருமே கவனிக்கவில்லை என்பதில் கொஞ்சம் ஏமாற்றமும்கூட.

“இதை மத்தவங்ககிட்ட சொல்லலாமா மிஸ்?”

“தாராளமா. வருஷா வருஷம் யாராவது வந்து அழுவாங்க, நானும் சொல்லித்தான் அனுப்பறேன். வெளிய போய் யாரும் சொன்னதா தெரியல.”

மறுநாள் மதியம் ஷெரின் காது சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் ஈரம். இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று நிறைமதிக்கே வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

“பார்த்தியாடி?” என்றாள் ஷெரின்.

“பார்த்தேன்,” என்றாள் நிறைமதி. பிறகு, ஏனென்று தெரியாமலே, “ஆனாலும் நீ அப்படிப் பண்ணியிருக்க வேணாம்டி” என்றாள்.

ஷெரினின் முகம் செத்துப்போனது. டப்பாவைத் திறக்காமலே எழுந்து போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வரைவி அந்தக் காட்சியைத்தான் வரைந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் ஷெரின் கழிவறையில் அழுகிறாள். அதே கட்டத்தின் மறுபாதியில், உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நிறைமதியின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

நிறைமதி சட்டென்று சுற்றிலும் பார்த்தாள். இது வேறு யார் கண்ணுக்கும் தெரியாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சாவகாசமாக இன்னொரு முறை படித்தாள். இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு நிஜமாகவே வந்தது.