ஏழாவது கேள்வி

தொலைபேசி அலறியது.

காலை பதினொன்று. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் நிதியுதவிப் பிரிவில் அது அலறாத நாளே கிடையாது. "ஃபீஸ் கட்ட முடியலை மேடம்" என்கிற ஒரே அழுகைதான் இருபது நாட்டு உச்சரிப்பில் வரும்.

சல்லடை தொலைபேசியை எடுத்தாள்.

பிரிவின் தலைமை அதிகாரி அவள். விண்ணப்பங்களைச் சலித்துச் சலித்துப் பொய்யைப் பிடிப்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை.

"அம்மா... உயிரியல் கடைசி வருஷம் படிக்கிற பொண்ணோட அப்பா பேசறேன். பதிவு எண் நாலு ஏழு ஒண்ணு ரெண்டு..."

எண்ணைத் தட்டினாள். கோப்பு திறந்தது.

முதல் பக்கத்திலேயே அந்த அப்பாவின் இறப்புச் சான்றிதழ்!

நாலு மாதத்துக்கு முன்னால். மாரடைப்பு. அதைப் பார்த்துத்தான் அவசர நிதியிலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கடைசி வருடக் கட்டணம் தரப்பட்டிருந்தது. அனுமதித்த கையெழுத்து சல்லடையுடையது.

தேதியை இன்னொரு முறை பார்த்தாள்.

"நீங்க... யாரு?"

"அவ அப்பாம்மா! இன்னிக்கு உங்க ஆபீஸுக்கு வருவா. படிப்பை விடறேன்னு கடுதாசி கொடுப்பா. தயவுசெஞ்சு வாங்காதீங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்..."

லைன் கட்!

அவள் கூப்பிட்ட ஐந்தே நிமிடத்தில் மோசடித் தடுப்பு அதிகாரி மூச்சு வாங்க மாடியிறங்கி வந்தார். முன்பு போலீஸில் இருந்தவர். சிரித்தால் அபராதம் என்பது போல முகம்.

"போலி சர்டிபிகேட்தான். இந்த மாசத்துல இது மூணாவது. பொண்ணைப் பிடிச்சு விசாரிச்சா எல்லாம் கக்கிடும்."

பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கதவைத் தட்டிக்கொண்டு அவளே வந்தாள். கையில் ஒரு கடிதம். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"மேடம்... நான் படிப்பை விட்டுடறேன்."

"இன்னும் ஒரே செமஸ்டர்தானே இருக்கு?" என்றாள் சல்லடை.

"யாருக்காகப் படிக்கணும் மேடம்? பட்டம் வாங்கினா பார்க்கறதுக்கு யாரு இருக்கா?"

அதிகாரி குறுக்கே பாய்ந்தார். "ஏம்மா, நல்லா நடிக்கறே! அப்பா செத்தப்ப ஊருக்குப் போனியா?"

"போகலை சார். விசா நீட்டிப்புக்குக் கொடுத்திருந்தேன். அந்த நேரத்துல வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க. 'எல்லாம் முடிஞ்சுடுச்சு, நீ வராதே'ன்னு சித்தப்பா சொல்லிட்டார்." அவள் குரல் உடைந்தது. "முகத்தைக்கூடப் பார்க்கலை..."

கைபேசியை நீட்டினாள். அப்பாவின் எண். நாலு மாதமாகத் தினமும் ஒரு செய்தி. 'அப்பா, இன்னிக்கு லேப்ல பாராட்டினாங்க.' 'அப்பா, தூக்கம் வரலை.'

"எல்லாத்துக்கும் ஒரு டிக்தான் சார் இருந்துச்சு. இன்னிக்குக் காலைல... அத்தனையும் ரெண்டு டிக்! அப்பா போனை யாரோ ஆன் பண்ணியிருக்காங்க."

சல்லடை அந்தப் பெண்ணையே பார்த்தாள். பதினேழு வருடம் சலித்த கண்கள். இந்த அழுகையில் பொய் இல்லை. பாவம், இவளுக்கு எதுவும் தெரியாது!

அப்படியானால்... சித்தப்பாவா? அண்ணனை எங்கேயாவது அடைத்து வைத்திருக்கிறானா?

மறுபடியும் தொலைபேசி! அதே எண்.

அதிகாரி உதட்டில் விரல் வைத்துப் பெண்ணை எச்சரித்துவிட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அம்மா... பொண்ணு வந்தாளா?"

பெண்ணின் கையிலிருந்த கடிதம் கீழே விழுந்தது. வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"முதல்ல நீங்க எப்படி உயிரோட இருக்கீங்கன்னு சொல்லுங்க!" என்றாள் சல்லடை. "இந்த சர்டிபிகேட் போலிதானே?"

"ஒரிஜினல்மா. நானே எழுதினேன்."

"என்னது?"

"முப்பது வருஷம் பிறப்பு இறப்புப் பதிவு ஆபீஸ்ல எழுத்தரா இருந்தவன் நான். ரிட்டையர் ஆனாலும் சீல் எந்த டிராயர்ல இருக்கும்னு தெரியாதா? ஊர்ல செத்தவங்களையெல்லாம் எழுதின கை... கடைசியா என்னையும் எழுதிட்டேன். தம்பி காலைப் பிடிச்சு அவளுக்குப் போன் பண்ண வெச்சேன். அன்னிலேர்ந்து என் பென்ஷனும் நின்னுபோச்சு. இப்ப வேற ஊர்ல ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கேன்."

"ஏன்யா இப்படிப் பண்ணினே?" அதிகாரி கத்தினார்.

"எதைத்தான் பண்ணலை சார்? ஸ்காலர்ஷிப் முதல் வருஷத்தோட சரின்னாங்க. அரசாங்க உதவி வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குக் கிடையாதாம். பேங்க்ல உங்க ஊர்க்காரர் ஜாமீன் கேட்டாங்க, எங்களுக்கு அங்க யாரு இருக்கா? அவளை வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல வேலைக்கும் விடலை. ரிட்டையர் ஆன பிறகு நான் கணக்கு எழுதின கம்பெனியையும் மூடிட்டாங்க. மிச்சம் உங்க அவசர நிதிதான். அந்தப் படிவத்துல ஏழாவது கேள்வி... 'செலவை ஏற்றவர் உயிருடன் இருக்கிறாரா? ஆம் எனில் விண்ணப்பிக்க வேண்டாம்.'"

அவர் விம்மினார்.

"அந்த 'ஆம்'தான்மா தடையா இருந்துச்சு. அவளுக்குப் பொய் சொல்ல வராது, அதனால அவளையும் ஏமாத்தினேன். குரல் கேட்காம இருக்க முடியலை... இன்னிக்குத்தான் பழைய போனைத் திறந்தேன். படிப்பை விடறேன்னு எழுதியிருக்கா! அவ படிக்கறதுக்காகத்தானே நான் செத்தேன்?"

சல்லடை கோப்பிலிருந்த படிவத்தைப் புரட்டினாள்.

ஏழாவது கேள்வி!

போன வருடமே அதைத் தூக்கிவிட்டார்கள். செலவை ஏற்றவருக்கு வேலை போனாலே போதும், நிதி உண்டு. முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பை எழுதியவள் அவள்தான். இணையதளத்தில் புதிய படிவத்தை ஏற்ற வேண்டியவளும் அவள்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போய்... மறந்தே போனாள். அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னாள்.

"பழைய படிவம்னு உங்களுக்குமா தெரியலை?" அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"சர்டிபிகேட்ல பொய் இருக்கான்னுதான் சார் தேடினேன். படிவத்தை யாரு பார்த்தா?" சல்லடை உடைந்து அழுதாள். "ஐயா... நீங்க சாகவே வேண்டியதில்லைய்யா! வேலை போச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா நானே கொடுத்திருப்பேன்."



"கேஸ் போட்டே ஆகணும். அவர் மேல, அந்தத் தம்பி மேல," என்றார் அதிகாரி. குரலில் பழைய முறுக்கு இல்லை.

"போடுங்க. முதல் பேரா என் பேரை எழுதுங்க. வாங்கின நிதியை ரத்து பண்ணிட்டு, புதுப் படிவத்துல இந்தப் பொண்ணை நியாயமா விண்ணப்பிக்க விடுங்க. கமிட்டி முன்னாடி நான் வந்து நிக்கறேன்."

"நான் ஜெயிலுக்குப் போறேன் சார்," என்றது ஸ்பீக்கர். "அவ மட்டும் பரீட்சை எழுதட்டும்."

அதற்கு மேல் பெண்ணால் பொறுக்க முடியவில்லை. தொலைபேசி மேல் பாய்ந்தாள்.

"அப்பா!"

நாலு மாதத்து அழுகை அந்த ஒரே சொல்லில் வெடித்தது.

"கண்ணு... பக்கத்துலதான் இருக்கியா..."

"நாலு மாசம்ப்பா! தினம் தினம் செத்தேன்! எழுதறேன், பரீட்சை எழுதறேன். முடிச்சுட்டு நேர்ல வந்து, என்னை இப்படி அழ விட்டதுக்கு உங்களைக் கொன்னே போடறேன், பாருங்க!"

எதிர்முனையில் விசும்பல்... நடுவே ஒரு சிரிப்பு.

"தாராளமா கொல்லும்மா... சர்டிபிகேட் வேலையெல்லாம் அப்பா முன்னாடியே முடிச்சு வெச்சுட்டேன்!"